ஒரு கையால் எழுதிய வரி

டார்ட்டு நகரத்து மருத்துவமனை, ரத்தப் பரிசோதனைக் கூடம்.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பத்தொன்பது.
லேபிள் அடிக்கும் இயந்திரம்
நோயாளி பெயரின் முதலெழுத்தைத் தின்றுவிட்டு
அந்த இடத்தில் கேள்விக்குறி ஒன்றைத் துப்பியது.

உய்யே என்பது அவள் பெயர்.
வட்டமாய் ஓர் எழுத்து, அதன் தலைமேல் சிற்றலை,
அப்படித் தொடங்கும் பெயர்.
எண்பத்தொரு வருடம் அதைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தவள்
இன்றிரவு ?ய்யே.

விற்ற கம்பெனிக்கு விர்வே மூன்று முறை எழுதினாள்.
தங்கள் கருத்துக்கு நன்றி என்று
மூன்று முறையும் வந்தது.

நாலாம் முறை எழுத உட்கார்ந்தபோதுதான்
கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பார்த்தாள்,
எறும்பு ஊர்ந்தது போல் ஒரு பட்டியல்:
இதனுள் இருக்கும் திறந்த மூல மென்பொருள்கள்.
நாற்பத்திரண்டு பெயர்கள்.
கம்பெனி செய்தது டப்பா மட்டும் போலிருக்கிறது.

தானமாய் வந்த மாட்டைப்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதாம்.
இந்த மாடு வாயைத் திறந்தபடியே நிற்கிறது.
பார், சொத்தை இருந்தால் சொல்,
முடிந்தால் நீயே அடைத்துவிட்டுப் போ என்கிறது.
கழுத்தில் கட்டிய உரிமத்தில் கொட்டை எழுத்து:
எந்த உத்தரவாதமும் இல்லை.
விர்வேக்குச் சிரிப்பு வந்தது.
உத்தரவாதம் தந்தவர்களிடமிருந்துதான் வருகிறாள் அவள்.

கிட் என்றொரு கணக்குப்பிள்ளை.
எந்தப் புள்ளியை யார் வைத்தார், எந்த நாழிகையில்,
எதையும் மறக்காது.
அதனிடம் யார் செய்தது இது என்று கேட்கும் கட்டளைக்கு
ப்ளேம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.
பழி.
இருநூற்றுப் பன்னிரண்டாம் வரியின் பழியைக் கேட்டாள்.

ருகெமலிரா, முவான்சா, டான்சானியா.
பதினோரு வருடம் முன்பு, விடியற்காலை மூன்று மணி.
எழுத்துக்கு ஒரு பைட் என எண்ணியிருந்தான்.
அவன் ஊர் மொழியில் எழுத்துகள்
தலையில் எதையும் சுமப்பதில்லை.
அலை சுமக்கும் எழுத்துக்கு இரண்டு வேண்டுமென்று
அந்த நேரத்தில் யார் சொல்வார்கள் அவனுக்கு?
கீழே குறிப்பு:
"இப்போதைக்கு இது போதும். மகள் தோளில் தூங்குகிறாள்.
ஒரு கையால் தட்டுகிறேன். பிழை இருந்தால் திருத்துங்கள்."

பழி சொல்லப் போனவள்
அந்தக் குறிப்பை இரண்டு முறை படித்தாள்.

கவை பிரித்துத் தனக்கொரு பிரதி எடுத்தாள்.
ஒரு வரியை அழித்தாள், மூன்று வரி எழுதினாள்.
டிஃப் அதைச் சிவப்பிலும் பச்சையிலும் காட்டியது,
காயமும் மருந்தும் பக்கத்தில் பக்கத்தில்.
அனுப்பினாள்.

ஒன்பது நாள் ஒன்றுமில்லை.
பத்தாம் நாள் பில்பாவோவிலிருந்து இட்சியார்:
சோதனை எங்கே?
அவ்வளவுதான். வணக்கம் கூட இல்லை.
விர்வேக்குச் சுருக்கென்றது. அப்புறம் யோசித்தாள்.
கேட்டது சரிதான்.
சோதனைக்கு ஊரில் ஓடும் ஆற்றின் பெயரைக் கொடுத்தாள்,
எமயுகி, தாயாறு என்று பொருள்.
நடுவில் அதே அலை எழுத்து.
பழைய வரியில் ஆறு பாதியில் நின்றது.
புதிய வரியில் முழுதாய் ஓடியது.
இணைத்தாயிற்று என்றாள் இட்சியார்,
பக்கத்தில் ஒரு மீன் படம். ஏன் மீன் என்று தெரியவில்லை.

ஏழு மாதம் கழித்துக் கம்பெனியின் கடிதம்:
எங்கள் பொறியாளர்கள் மேம்படுத்திய புதிய பதிப்பு.
விர்வே அதை மடித்துத் தள்ளாடும் மேசைக்கால் அடியில் வைத்தாள்.

ருகெமலிராவிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது, தாமதமாக:
தோளில் தூங்கியவள் இப்போது
என் நிரல்களில் பிழை பிடிக்கிறாள், மன்னிக்கவும்.

இனி யார் கேட்டாலும்
இருநூற்றுப் பன்னிரண்டின் பழி விர்வேயின் மேல்.
அவள் எழுதிவைத்த குறிப்பு:
"இரண்டு கையாலும் தட்டினேன். ஆனாலும் பாருங்கள்."

உய்யே மறு வருடம் வந்தாள், எண்பத்திரண்டு.
கையை நீட்டினாள், ஊசியைப் பார்க்காமல்
சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.
குழாயில் ஒட்டிய பெயரை அவள் படிக்கவில்லை.
சுழற்றியில் வைத்து விர்வே மூடியை அழுத்த,
நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்றில்
அலையோடு சேர்ந்து சுற்றிக்கொண்டிருந்தது அது.